அழகம்மையார் உடல் நீத்ததும் நிர்ப்பீச தீக்கையும்

சிவமயம்

மெய்கண்ட நூல்கள் பதினான்கனையும் ஆசிரியரை அடுத்து முறையே பாடங்கேட்டு, சிந்தித்துத் தெளிந்து, நிட்டை கூடுவார் எக்காலத்தும் சிலரே. ஏனையோர் நிலை யாது? செஞ்சிக்கோட்டையைச் சூழ்ந்துள்ள வல்லம் முதலிய ஊர்களில் எழுத்தறியாத மூதாட்டியர் பலர் விடியுமுன் எழுந்து முற்றம் மெழுகி, கோயிலில் திருவலகிட்டு, விளக்கிற்கு எண்ணெய் வார்த்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பிறர் அறியாமல் வாழ்ந்து பிறர் அறியாமல் இறக்கின்றனர். அன்னாருள் ஒருவர் இறந்தவழி, அவ்வுயிர் எய்திய கதி யாது என வினவினால், சித்தாந்தம் கற்றார் பெரும்பாலும் தாழாது விடை கூறுவர். சரியையின் பயன் சாலோகம். ஆண்டுப் போகம் துய்த்து, மீண்டு நற்குடியிற் பிறந்து, கிரியை யோகங்களை முற்றுவித்துப் பின்னரே ஞானம் பெற்று வீடடையும் என்பதே அவ்விடை. இது நூலொடு மாறுபட்டதன்று. ஆயினும் முழு விடையும் இதுவேயோ என்பதில் எமக்கு ஐயம் உண்டு. முதியோர்க்கும் மகளிர்க்கும் நோயாளர்க்கும் என்றே ஆகமங்கள் ஒரு தீக்கையை வகுத்திருப்ப, அதனை நாம் கூறும் விடையில் ஒரு சொல்லாலும் நினைப்பதில்லை.

இவ்வையத்தைப் பொதுவாக ஆராய்வதினும், நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்ச்சியின்மேல் வைத்து ஆராய்தல் தெளிவு தரும். அத்தகையதொன்று செஞ்சிக்கு மேற்கே 25 மைலுக்கு உட்பட்ட திருவண்ணாமலையிலேயே நிகழ்ந்துள்ளது. 1922ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் தேதி இரவு அம்மலைமேலுள்ள கந்தாசிரமத்தில் ஒரு மூதாட்டியார் உடல் நீத்தார். அவர் ரமண மகரிஷிகளை ஈன்ற அழகம்மையார். மகரிஷிகள் கொள்கை நம் சித்தாந்தத்தோடு பலவிடத்தும் வேறுபடுவதென்பதை யாம் மறந்திலேம். அவ்வேறுபாட்டை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. ஒரு முதியவளின் இறுதி பற்றி அங்கே கூறப்படுவதற்கு நம் நூல்களில் இடமுண்டா, உண்டாயின் எவ்விடம் என்பதே நோக்கம்.

அம்மையார் வாழ்ந்த ஊர் திருச்சுழி. சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பெற்ற திருச்சுழியல் அதுவே. இப்போது விருதுநகர் மாவட்டத்திலுள்ளது. கணவர் சுந்தரம் ஐயர் அவ்வூர் நீதிமன்றத்தில் வழக்குரைத்து வந்தவர். ஆண்மக்கள் மூவர், பெண் ஒருத்தி. வருவார்க்குச் சோறிடும் வீடு. 1892இல் கணவர் இறந்தபின் அவ்வீடு கலைந்தது. மூத்த மைந்தர் இருவரும் மதுரையில் சிற்றப்பன் மனைக்குச் சென்றனர். அம்மையார் இளையோருடன் மானாமதுரையில் நெல்லையப்ப ஐயர் என்னும் மைத்துனர் இல்லத்தை அடைந்தார். கணவனை இழந்து மைத்துனர் சோற்றை உண்டு வாழும் கைம்மையின் நிலை இன்னதென்று விரித்துரைக்க வேண்டா. நம் ஊர்களில் அதனைக் காணாதார் இல்லை.

1896 ஆகஸ்டு 29ஆந் தேதி, பதினாறு வயதினரான இரண்டாம் மைந்தர் வேங்கடராமன் மதுரையை விட்டு நீங்கினார். செப்டம்பர் முதல் தேதி அண்ணாமலையை அடைந்தார். எங்குளர் என்பது ஈன்றாளுக்குத் தெரியாது. 1898இல் செய்தி கிட்டியது. முன்னர் நெல்லையப்ப ஐயர் சென்று அழைத்தும் பயனிலதாக, அவ்வாண்டு டிசம்பரில் அம்மையார் மூத்த மைந்தரோடு தாமே சென்றார். பவழக்குன்றில் சடை படர்ந்த தலையும் அழுக்கேறிய உடலுமாய் இருந்த மகனைக் கண்டார். நாடோறும் பண்டங்கள் கொண்டுசென்று அழுது மன்றாடினார். மகன் வாய் திறந்திலர். கண்டோர் இரங்கி, விடையையேனும் எழுதித் தருமாறு வேண்ட, அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். அவரவர் பிராரத்தத்திற்கு ஏற்ப அதற்குரியவன் ஆட்டுவிக்கின்றான். நடவாதது எம்முயற்சியாலும் நடவாது. நடப்பது எத்தடையாலும் நில்லாது. ஆதலின் வாய்மூடி இருத்தலே நன்று என்பது அதன் கருத்து. அம்மையார் திரும்பிச் சென்றார்.

கற்றார்க்கு இவ்வெழுத்துச் சுவை தரலாம். பெற்ற வயிற்றுக்கு அது தந்தது யாது? இதனைச் சற்று நின்று நோக்குதல் தகும். வினை தானே வந்து பயன் தருமென்பார் மீமாஞ்சகர். வினை சடமாகலின் தானே சென்று பற்றாது, அறிவுடைய முதல்வனே கூட்டுவிப்பானென்பது நம் துணிபு. அத்தாளிலும் ‘அதற்குரியவன்’ ஒருவன் கூறப்படுதலால் அது நமக்கு உடன்பாடே. ஆயின், கூட்டுவிப்பான் ஒருவன் உளனென்று கொண்டபின், வாய்மூடி இருத்தல் ஒன்றே வழியென்பது தானாகப் பெறப்படுமோ? பெறப்படாது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, ‘இது வினை’ என்று சொல்லி வாளா இருந்திலர் திருஞானசம்பந்தர். வினையென்று கூறிக்கொண்டே உய்யும் வழி நாடாதிருத்தல் குறையென உணர்த்தித் திருநீலகண்டப் பதிகம் அருளினார், சுரமும் தீர்ந்தது. வேண்டுதலும் கூட்டுவிப்பானது ஆணைக்குள் அடங்கியதே.

இதற்குச் சான்று அம்மையார் வரலாற்றிலேயே உளது. 1914இல் அவர் அண்ணாமலைக்கு வந்திருந்தபோது கடுஞ்சுரத்தால் கிடந்து பிதற்றினார். 1898இல் ‘நடப்பது நடக்கும்’ என்றெழுதிய அம்மகனாரே அப்போது அருகிருந்து பணிவிடை செய்தார். தாயின் பிணி தீர்க்குமாறு அருணாசலப் பெருமானை வேண்டி நான்கு பாடல்களும் இயற்றினார். சுரம் நீங்கியது. இவ்விரண்டனையும் முரணென்று கொள்வாரும் உளர். முன்னையது கட்டு அறுப்பது. பின்னையது கட்டறுந்தபின் நிற்கும் அருள் என்பது எம் கருத்து.

இடையே 1900இல் மூத்த மைந்தர் இறந்தார். ஒருவர் பின் ஒருவராகச் சார்பானோர் நீங்கினர். 1916ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அம்மையார் அண்ணாமலைக்கே வந்து தங்கினார். ஆண்டிருந்தோர் சிலர், துறவியர் உறையும் குகையில் ஒரு பெண் தங்குவது தகாதென்று தடுத்தனர். ‘என் உடலை இம்முட்புதரில் எறிந்துவிடினும் அமையும், இறப்பது இங்கேதான்’ என்னும் கருத்துப்பட அவர் கூறினாரென்பது அடியவர் வழிவந்த செய்தி. ஒரு சிற்றூர்க் கைம்பெண், தன் பிணத்திற்கு ஈமக்கடனும் வேண்டாமென்று துறந்த சொல் இது. காவி பெற்றார் எல்லாரும் இவ்வளவு துறந்தவரோ என்று கேட்கத் தோன்றுகிறது, கேளாது மேற்செல்வாம்.

வந்தபின் அவர் பெற்றது இனிய வரவேற்பன்று. மகனார் ஏனையோரோடு பேசுவார், இவருடன் பேசார். இதனைக் கூறி வருந்தியபோது, மகளிர் எல்லாரும் எனக்குத் தாயரே, நீ ஒருத்தி மட்டும் அல்லை என்று விடை வந்தது. மடி, தீண்டல், வெங்காயம் விலக்குதல் என அவர் இளமை முதல் கைக்கொண்ட ஆசாரங்களை மகனார் நகையாடுவார். வெங்காயம் மோட்சத்திற்குப் பெருந்தடை அன்றோ என்று சொல்லி நகுவாராம். அப்பளம் இடத் துணைசெய்ய அழைத்தாற்கு, உளுந்தும் பிரண்டையும் உலக்கையும் ஞான சாதனங்களாக வைத்து ஒரு பாட்டே பாடிக் கொடுத்தார். அம்மையார் அப்பளத்தைத் தாமே இட்டுக்கொண்டார் போலும்.

அதுவரை அங்கே ஊரிற் பெற்ற பிச்சைச் சோறே உணவு. அம்மையார் அடுப்பு மூட்டினார். முதலில் தம் மகனுக்கென்றே சமைத்தார், பின் உடனிருந்தோர்க்கும், பின் மலையேறி வந்தார் யாவர்க்கும். ஆறாண்டுகள் இவ்வாறு கழிந்தன. இரண்டாண்டுக்குள் இளைய மைந்தரும் வந்து துறவு பூண்டு உடனிருந்தார். அம்மையார் ஓதிய நூலோ செய்த யோகமோ யாதும் பெரிதாகக் கூறப்படவில்லை. சோறு சமைத்தார், கலம் கழுவினார், இவை செய்து முதுமையுற்றார். 1920 முதல் உடல் நலிந்தது.

இதனைச் சரியை எனலாமா? திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் அலகிடலும் மெழுகலும் தொடுத்தலும் செய்தார். அது சரியை என்பதில் ஐயமில்லை. அடுப்படியில் ‘என் மகன்’ என்னும் பற்றோடு தொடங்கிய சமையல் எப்படிச் சரியையாகும்? இளையான்குடி மாற நாயனார் வரலாற்றை உடையார்க்கு இவ்வினா எழாது. மாகேசுர பூசைக்குச் சிறப்புக் கூறும் நம் மடங்களில், பந்தியில் அமர்ந்தார் பெயர்களை அறிவோம்; அடுப்படியில் நின்றார் பெயரை எத்துணைப்பேர் அறிவர்? தொடங்கியது பற்றாயினும் ஆகுக. ஒருவனுக்கென்று ஏற்றிய உலை ஊர்க்கெல்லாம் உலையானபோது, அப்பற்று எங்கே போயிற்று? ‘எனது’ என்பது சுருங்கி அற்றுப்போதல் ஒருவகை. விரிந்து அற்றுப்போதல் மற்றொரு வகை. இரண்டாவது வகையையே இல்லறத்தார் பெரும்பாலும் அறிவர்.

இனி இறுதி நாள். அன்று காலை முதல் அம்மையார்க்கு மூச்சு மேல்வாங்கியது. மகனார் அருகமர்ந்து, வலக்கையை அவர் நெஞ்சின்மேலும் இடக்கையைத் தலைமேலும் வைத்தார். சூழ இருந்தோர் சிலர் மறை ஓதினர். சிலர் இராமநாமம் கூறினர். ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் கையெடாது இருந்தார். இரவு 8 மணியளவில் உயிரடங்கியது. அடங்கிய பின்னும் சிறிது நேரம் கையை எடுத்திலர். பின்பு எழுந்து, தீட்டில்லை, உண்போம் என்றார். என்ன நிகழ்ந்ததென்று பிற்காலத்துக் கேட்டவர்க்கு அவர் கூறியதன் சாரம் இது: உள்ளே கிடந்த வாசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன, இனிவரும் பிறவிகளில் நுகர்தற்குரியவற்றை அவ்வுயிர் அங்கேயே காட்சியாக நுகர்ந்து கழித்தது, கழித்தபின் இதயத்தில் ஒடுங்கிற்று.

இக்கூற்றைக் கேட்ட சைவர் சிலர், இது நூலிலில்லாத புதுமை என்று ஒதுக்குவர். வேறு சிலர், கேட்டற்கரிய வியப்பென்று கைகூப்புவர். இருசாராரும் நிருவாண தீக்கையின் கிரியையை நினைந்திலர். 12ஆம் நூற்றாண்டினரான அகோரசிவாசாரியர் செய்த கிரியாக்கிரமத்தோதிகை முதலிய பத்ததிகளில் அக்கிரியை விரிவாகக் கிடக்கின்றது. மாணாக்கன் சிகை முதல் கால் பெருவிரல் வரை பாசசூத்திரம் தொங்கவிடப்படும். மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51, புவனம் 224, தத்துவம் 36, கலை 5 என்னும் ஆறு அத்துவாக்களையும் ஆசிரியர் அவன் உடலிலும் அச்சூத்திரத்திலும் கண்டு, நிவிர்த்தி முதல் சாந்தியதீதை ஈறாக ஒவ்வொரு கலையாகச் சோதிப்பர். எவ்வாறு? வாகீசுவரனையும் வாகீசுவரியையும் குண்டத்தில் எழுந்தருளுவித்து, அக்கலைக்குட்பட்ட புவனங்களில் அவ்வுயிர் எடுத்தற்குரிய பிறவிகள் அனைத்தையும் ஒருங்கே எடுப்பிப்பர். கருப்பமாதல், பிறத்தல், அதிகாரம், போகம், இலயம், நிட்கிருதி என்று ஒவ்வொன்றாக முடிப்பர். பல்லாயிரம் ஆண்டு நுகர்தற்குரிய வினை ஓமத்தின்கண் ஒருபொழுதில் நுகர்ந்து தீர்க்கப்படும். நம் ஆசாரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கிரியை இதுவே. இதனை ஒப்புக்கொண்டு கந்தாசிரமத்து நிகழ்ச்சியை ஒப்பாமை எவ்வாறு கூடும்? அங்கே குண்டமில்லை, நூலில்லை. கை இருந்தது. ஏழுவகைத் தீக்கையுள் பரிசம் ஒன்றென்றும், ஔத்திரி கிரியாவதி ஞானவதி என இருதிறப்பட்டு, ஞானவதியிற் குண்டம் முதலாயின அகத்தே கற்பிக்கப்படுமென்றும் சித்தியார் எட்டாஞ் சூத்திரம் கற்றார் அறிவர்.

அவ்வெட்டாஞ் சூத்திரத்திலேயே நிர்ப்பீசமும் கூறப்படுகிறது. பாலர், அறிவு முதிராதார், முதியோர், மகளிர், போகத்தழுந்தினோர், நோயாளர் என்போர்க்கு உரியது அது. ஈண்டுப் பீசம் என்றது சமயாசாரத்தை. சபீச தீக்கை பெற்றார் நாடோறும் பூசை முதலிய ஆசாரங்களை வழுவாது செய்தற்குரியர். வழுவின் குற்றம் மிகப் பெரிது. நிர்ப்பீசத்தில் ஆசிரியர் ஏனைப் பாசங்களோடு சமயாசாரக் கடனையும் உடன் சோதித்துவிடுவர். குருவினிடத்தும் சிவத்தினிடத்தும் அன்பு ஒன்றே எஞ்சி நிற்கும் கடன். பயனோ இருவர்க்கும் ஒன்றே. அரை வீடு, முழு வீடு என்று பகுத்தோதிய ஆகமத்தை யாம் கண்டிலேம். இங்ஙனமாகவும், ‘நிர்ப்பீசந்தானே’ என்று அதனை இழித்துக் கூறும் வழக்கொன்று நம்மிடை உளது. வித்தில்லாதது, ஆகவே முளையாதது என்று சொற்பொருளையே திரித்து உணர்ந்தாரும் உளர். மகளிர்க்குத் தீக்கை செய்தலே மிகையென்று விட்டுவிட்ட இடங்களும் பல. இயலாதவள்மீது சுமத்தற்பாலதல்லாத சுமையை ஆகமம் தானே இறக்கிவைத்தது. அவ்விறக்கத்தை இழிவென்று நாம் படித்தோம்.

நிருவாணமும் சத்தியோ நிருவாணம், அசத்தியோ நிருவாணம் என இருவகைப்படும். பின்னதில் சஞ்சிதம் தீக்கையாற் கெட, பிராரத்தம் உடலூழாய் நின்று நுகரப்பட்டுக் கழியும். முன்னதில் பிராரத்தமும் அறுபட, அப்பொழுதே உடல் வீழும். உடல் தளர்ந்து இறுதி அணுகினார்க்கன்றி அதனைச் செய்தல் கூடாதென்று விலக்கும் உண்டு. இவ்விலக்கின் காரணம் வெளிப்படை. உமாபதிசிவாசாரியர் வரலாற்றில் இது வந்திருக்கின்றது. தில்லையில் அவர் மடத்திற்கு விறகு கொணர்ந்து உதவிய பெற்றான் சாம்பானுக்குக் கூத்தப்பெருமான் திருமுகப் பாசுரம் அருள, அதன்படி அவர் தீக்கை செய்ய, அவன் அக்கணமே சோதியிற் கலந்தானென்பது வரலாறு. கேட்போர் அதனோடு நிறுத்திக் கொள்வர். அவன் மனைவி, என் கணவனைக் கொன்றார் என்று அரசனிடம் முறையிட்டாள் என்பதே அவ்வரலாற்றில் எம் நெஞ்சை உறுத்தும் பகுதி. அவளுக்கு விடையாக முள்ளிச் செடிக்குத் தீக்கை செய்து காட்டப்பட்டது. அரசன் தெளிந்தான். அவள் தெளிந்தாளா என்பதை வரலாறு சொல்லவில்லை. விறகு சுமந்தவனுக்கும் உலை ஏற்றியவளுக்கும் ஒரே கதவு திறந்ததென்று கொள்வதில் எமக்குத் தடையில்லை. ஒன்று மட்டும் வேறு: அண்ணாமலையில் முறையிட ஒருவரும் இலர்.

அற்றேல், ஆசாரியாபிடேகம் பெறாதாரும் ஒரு பரம்பரையுட்படாதாருமாகிய ஒருவர் கை வைத்தலைத் தீக்கையென்று எங்ஙனம் கொள்வது எனின், இது வலிய தடையே, எளிதிற் கடத்தற்பாலதன்று. கிரியாவதிக்கு அதிகாரம் இன்றியமையாதது. சகலர்க்கு இறைவன் மானிடச் சட்டை சாத்திக் குருவாய் வருவான் என்பது சித்தாந்தம். அச்சட்டை இன்னாருடையதே ஆதல்வேண்டும் என்று அவனுக்கு நாம் வரையறை செய்தல் கூடுமோ? கண்ணப்ப நாயனார்க்கு ஆறு நாள் போதுமாயிற்று. அவரைத் தீக்கித்த ஆசாரியர் யாவர்? ஆயினும், இதனை எடுத்துக்காட்டி இன்று கை வைக்க முற்படுவார் எல்லார்க்கும் வாயில் திறந்துவிடுதல் கேடாய் முடியும். ஆதலின் கொள்கையளவில் இயலும் என்பதன்மேல் யாம் செல்லேம்.

கை வைத்தார் வீடு கொடுத்தார் என்று உரைப்பாரையும் யாம் உடன்படேம். அதற்கு அங்கு நிகழ்ந்த மற்றொரு செய்தியே போதும். பழனிசாமி என்னும் அடியார் ஏறத்தாழ 18 ஆண்டு மகரிஷிகட்குத் தொண்டு புரிந்தவர். 1915இல் அவர் இறக்குங்கால் மகரிஷிகள் இவ்வாறே கை வைத்தனர். முடிந்ததென்று கருதிக் கையை எடுத்தபோது, கண்கள் திறந்து உயிர் அவ்வழியே வெளிப்பட்டது. அது வீடன்று, உயர்பிறவி என்று அவரே கூறினர். தொண்டின் ஆண்டுகளை எண்ணினால் பழனிசாமிக்குப் பதினெட்டு, அம்மையார்க்கு ஆறு. கையோ ஒன்றே. பயன் வேறாயிற்று. மலபரிபாகம் ஆண்டளவையாற் பெறப்படுவதன்று. சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்றதன் பொருளை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி யாம் அறியோம். பக்குவம் இல்வழிக் கை பயன்படாது. பக்குவம் உள்வழியும் கை கருவியே. அருள் பதியினது.

அவ்வாறாயின் அம்மையார்க்குப் பக்குவம் எங்கிருந்து வந்தது? முற்பிறவித் தவமென்று கூறி அமையலாம். சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரமும் தவத்தாலேயே குரு உணர்த்தக் கூடுமென்கிறது. ஆனால் இப்பிறவியிலும் காணக்கிடப்பவற்றை விட்டு, காணாத பிறவிக்கு ஓடுவானேன்? கணவன் இழப்பு, வீட்டின் கலைவு, மகன் நீங்கல், பவழக்குன்றில் வாயடைத்த விடை, மூத்த மகன் சாவு, முதுமையில் மகன் தன்னைப் பிறருள் ஒருத்தியாக வைத்தது, ஆசாரத்தைப் பழித்தது: இவற்றுள் ஒன்று வந்தாலும் ஒருத்தி வெறுத்துக் கடிந்து ஒடுங்கியிருப்பாள். இவர் எல்லாம் வந்தபின்னும் உலை ஏற்றினார். இன்பம் வந்துழி மகிழாமலும் துன்பம் வந்துழி வெறாமலும் இருவினையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு, ஏட்டிற் படித்தபோது நமக்கு எட்டாத நிலையாய்த் தோன்றுகிறது. அடுக்களையிற் பார்த்தால் அதற்கு இத்தகைய முகம் இருக்கலாம்.

தாய் இறந்துழித் துறவி செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்குப் பட்டினத்தடிகள் ஒரு விடை வைத்துப் போந்தார். அவர் வந்து, பச்சை வாழைமட்டைகளை அடுக்கி, அழுது பாடி, தீ மூட்டினார். அப்பாடல்களைக் கேட்டு உருகாத தமிழர் இலர். அண்ணாமலையில் அழுகையும் இல்லை, தீயும் இல்லை. எது சைவர்க்கு உரியது என்று கேட்பாரும் உண்டு. அடிகள் அன்னை இறந்தபின் வந்தார்; இறந்தபின் வந்தார்க்கு அழுகையன்றி வேறு கடன் யாது எஞ்சும்? இறக்குமுன் பன்னிரண்டு மணி நேரம் கை வைத்திருந்தார்க்கு அழுதற்கு எதுவும் எஞ்சவில்லை. இரண்டும் மகனது கடனே. அடிகளது கண்ணீரைத் துறவின் வழுவாகவும், மகரிஷிகளது உலர்ந்த கண்ணை அன்பின் வழுவாகவும் கூறுவார் உரை இரண்டனையும் தள்ளுக.

மறுநாள் உடலைச் சுடுவதா புதைப்பதா என்னும் வினா எழுந்தது. பெண்ணுடலுக்குச் சமாதி உண்டோ என்றனர். ஐந்தாண்டு முன்னரே, 1917இல், காவ்யகண்ட கணபதி முனிவர் தம் மனைவியார் விசாலாட்சி அம்மையார் பொருட்டு இதனை மகரிஷிகளிடம் வினவியிருந்தார். ஞானத்திலும் வீட்டிலும் ஆண் பெண் வேறுபாடில்லையாகலின், சீவன்முத்தி பெற்ற பெண்ணின் உடலையும் சுடுதல் வேண்டா என்ற விடை ரமண கீதையின் 13ஆம் அத்தியாயத்தில் உளது. அவ்வாறே மலையடியில் பாலி தீர்த்தத்தின் அருகே குழியகழ்ந்து, திருநீறும் கருப்பூரமும் இட்டு மூடி, மேலே சிவலிங்கம் நிறுவினர். நம் ஆதீனங்களிற் குருமூர்த்தம் அமைக்கும் முறையே இது. ஒரு மூதாட்டிக்குச் செய்யப்பட்டதென்பதே புதுமை. அவ்வாண்டு இறுதியில் மகரிஷிகளும் அவ்விடத்திற்கே இறங்கி வந்து தங்கினர்; இன்றுள்ள ஆசிரமம் அவ்வம்மையார் சமாதியைச் சூழ்ந்து எழுந்ததே. 1939இல் தொடங்கிய கற்றளித் திருப்பணி முற்றி, 1949 மார்ச்சு 17ஆந் தேதி குடமுழுக்கு நிகழ்ந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 14ஆந் தேதி மகரிஷிகளும் உடல் நீத்தனர்.

அவ்விலிங்கத்திற்கு வழங்கும் பெயர் மாத்ருபூதேசுவரர். இப்பெயரின்மேல் நம் நூல்வழி ஒன்று சொல்லுதற்கு உண்டு. தாய் ஈசுவரன் ஆயினள் என்று இதற்குப் பொருள் கொள்வார் உளர். உயிர் சிவமாதல் என்பது சிவமே ஆதலன்று. உயிர் தன் தன்மை கெடாது, மலம் நீங்கி, சிவத்தோடு இரண்டற நின்று இன்பம் நுகர்தலே நாம் கூறும் அத்துவிதம். ஒன்றாதலும் அன்று, வேறாதலும் அன்று. நுகர்வார் ஒருவர் இல்லையேல், அத்துணை இழப்புக்களும் தாங்கி வந்த அவ்வுயிர் பெற்றதுதான் என்ன? ஆதலின் தாய் ஈசுவரனானாள் என்னும் உரையைச் சித்தாந்தி ஏலான். ஆனால் அப்பெயர் புதிதன்று. சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளியுள்ள பெருமானுக்கு வடமொழியில் வழங்கும் திருப்பெயர் அது. தமிழில் தாயுமானவர் என்போம். காவிரி பெருகித் தாய் கரையிலேயே நின்றுவிட, கருவுயிர்க்கும் நோயால் தனித்துக் கிடந்த இரத்தினாவதிக்கு அத்தாய் வடிவிலேயே வந்து மருத்துவம் பார்த்த பெருமான் அவர். ஈசுவரன் தாயானான் என்பதே ஆண்டுப் பொருள். பேறுகாலத்தில் ஒருத்தி படுக்கையருகே வந்திருந்தவன், இறப்புக்காலத்தில் மற்றொருத்தி படுக்கையருகே வந்திருந்தான் என்று கொள்ளின், பெயரும் பொருந்தும். நம் சித்தாந்தமும் நிற்கும்.